நிற்கும் கருப்பு

"எத்தனை மாசம் நிக்கும்?" கார் டீடெய்லிங் கடைக்குள் நுழைகிற எவரும் கேட்டுவிடுகிற கேள்வி இது. பெயிண்டின் மேல் போடும் செராமிக் கோட்டிங்கைப் பார்த்துக் கேட்டோம், கண்ணாடியில் மழைத்துளி தங்காமல் ஓடவைக்கும் பூச்சைப் பார்த்துக் கேட்டோம், இப்போது குனிந்து டயரைப் பார்த்தும் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். டயர் பாலிஷ் என்று சொல்லிப் பழகிய பளபளப்பு ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் அதிகம். நடுவில் ஒரு மழை வந்தால் அதுவும் இல்லை. அந்த இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் என்று சொல்லி விற்கப்படும் கோட்டிங்குகள் வந்துவிட்டன. நானும் அவற்றைத் தேடுகிறவன். பழைய கார் வைத்திருப்பவனுக்கு டயரின் கருப்பில் தனி நிம்மதி உண்டு. கதவில் கீறல் இருக்கலாம், பம்பரின் பிளாஸ்டிக் வெளுத்திருக்கலாம், ஹெட்லைட் மஞ்சளாகியிருக்கலாம். நான்கு டயரும் கருகருவென்று இருந்துவிட்டால் போதும், வண்டி ஒழுங்கான கையில் இருக்கிறது என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வந்துவிடுகிறது, வைத்திருப்பவருக்கும் வந்துவிடுகிறது. இந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான் என் கவலை. பார்ப்பவர் எதை நினைத்துக்கொண்டாலும் பெரிய நஷ்டமில்லை. வைத்திருப்பவரே அப்படி நினைத்துக்கொள்வதில் ஏதோ சரியாக இல்லை என்று சில காலமாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. ரோட்டில் உரசித் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. அதன் முகம் மட்டும் தேயக்கூடாது, வெளுக்கக்கூடாது, வயதாகக்கூடாது என்று எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறோம்? அழகுக்காக என்று சொல்லி முடித்துவிடலாம். அந்தப் பதிலில் எனக்குப் பகை ஒன்றும் இல்லை; அழுக்கான வண்டியைவிடச் சுத்தமான வண்டி நல்லது என்றே நம்புகிறேன். ஆனாலும் கேட்டுவிட்டு நகர முடியவில்லை.

கருப்பு டயரின் பிறவி நிறம் அல்ல. ரப்பர் மரத்தின் பால் வெள்ளை. அதை உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகைபோட்டு எடுத்த ஷீட் பழுப்பும் பொன்னும் கலந்த நிறம். ஜான் பாய்ட் டன்லப் பெல்ஃபாஸ்ட்டில் 1888-இல் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயருக்குப் பிறகு வந்த முதல் கார்களில் டயர்கள் வெளிறித்தான் இருந்தன. துத்தநாக ஆக்ஸைடு சேர்த்தவை இன்னும் வெளுத்திருந்தன. மிஷ்லின் கம்பெனியின் விளம்பரங்களில் 1898 முதல் உலவும் அந்த டயர் மனிதன் இன்றும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் அதுதான்; அவன் பிறந்த காலத்து டயரின் நிறம் அவன்மேல் அப்படியே தங்கிவிட்டது. கார்பன் பிளாக் என்னும் நுண்ணிய கரியை ரப்பரோடு கலந்தால் டயர் பல மடங்கு உழைக்கிறது என்ற அறிவு 1910களில் பரவியபோதுதான் நிறம் மாறத் தொடங்கியது. எண்ணெயையோ வாயுவையோ முழுதாக எரியவிடாமல் பிடித்தெடுக்கும் புகைக்கரி அது. அதன் துகள்கள் ரப்பரின் நீண்ட சங்கிலிகளைப் பற்றிக்கொள்கின்றன. கிழிவதும் உரசித் தேய்வதும் குறைகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தானே வாங்கிக்கொண்டு ரப்பருக்குள் இறங்கவிடாமலும் தடுக்கிறது. நாம் ஆசைப்படும் இந்தக் கருப்பு உழைப்பின் நிறமாக வந்தது. அழகுக்காக யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. சொல்லப்போனால் அழகு வெகுகாலம் எதிர்ப்பக்கம் நின்றது: எல்லா டயரும் கருப்பாகிவிட்ட பிறகும், பக்கச்சுவரில் வெள்ளைப் பட்டை ஓடும் டயர்கள்தான் அமெரிக்காவில் 1950கள் வரை வசதியான வண்டிகளின் அடையாளம். அந்த வெள்ளையில் கரி ஏறாமல் தேய்த்துத் தேய்த்துக் காப்பாற்றிய சொந்தக்காரர்களை என்னால் எளிதாகக் கற்பனை செய்துகொள்ள முடிகிறது. அவர்களுடைய முழங்கால் நின்ற இடத்தில்தான் இன்று நம்முடையதும் நிற்கிறது.

சரி, கருப்பு எங்கே போகிறது? சில வாரம் தொடாமல் விட்ட டயரில் படிகிற பழுப்பைப் பார்த்தால் எல்லாம் வெளியிலிருந்து வந்த புழுதி என்றுதான் தோன்றும். புழுதியும் உண்டு, பிரேக் தூளும் உண்டு. ஆனால் அதில் முக்கியமான ஒரு பங்கு டயரின் உள்ளிருந்து வந்தது. ரப்பரின் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றிலுள்ள ஓசோன் அவற்றை வெட்டும். வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கிற அதே ஓசோன், வண்டிப் புகையும் வெயிலும் கூடும் நகரங்களில் தரைமட்டத்திலும் உருவாகிறது. நூறு கோடிப் பங்கு காற்றில் சில பத்துப் பங்குதான் அது. இழுபட்டு நிற்கும் ரப்பரில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்க அந்த அளவே போதும். இழுபடாத ரப்பரை அது அப்படி வெடிக்கவைப்பதில்லை. டயரின் பக்கச்சுவரோ எந்நேரமும் இழுபட்டே இருப்பது. அதனால் டயர் செய்கிறவர்கள் இரண்டு காவல்களை உள்ளேயே கலந்து அனுப்புகிறார்கள். ஒன்று மெழுகு. அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து மெல்லிய படலமாக நிற்கும். வண்டி நிற்கும் நேரத்துக்கு அதுவே காவல். வண்டி ஓடினால் அந்தப் படலம் உடையும். அப்போது வேலை செய்வது 6பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வேதிப்பொருள். அதுவும் உள்ளிருந்து ஊறி வந்து, ரப்பருக்கு முன்பாகத் தானே ஓசோனிடம் அகப்பட்டு, ரப்பரைத் தப்பவைக்கிறது. அகப்பட்டதன் தடயம் அந்தப் பழுப்பு.

கோட்டிங் போடுவதற்கு முன் அந்தப் பழுப்பை ஒரு சொட்டு விடாமல் எடுத்தாக வேண்டும். காரமான கிளீனரை அடித்து, கெட்டியான பிரஷால் வட்டமாகத் தேய்க்கும்போது காப்பி டிகாஷன்போல நுரை இறங்கி ரிம்மின் விளிம்பில் தேங்கும், பிறகு ஈரச் சிமெண்டுத் தரையில் கோடு கோடாக வழியும். மூக்கில் ஏறும் கார நெடி; முன்பு யாரோ போட்ட, டிரெஸ்ஸிங் எனப்படும் பாலிஷின் வழுவழுப்பு விரலை விட்டுப் போகாது; அதற்கடியில் சூடான ரப்பரின் வாசனை. கழுவி, மறுபடி அடித்து, மறுபடி தேய்த்து, நுரை வெள்ளையாக வரும்வரை நல்ல கைக்காரர்கள் விடமாட்டார்கள். வெள்ளை வராமல் போட்ட கோட்டிங் பிடிக்காது, திட்டுத்திட்டாக உரிந்து வரும். தொழிலில் அந்த வெள்ளை நுரைதான் சுத்தத்தின் அத்தாட்சி. அதன் நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆனால் சாக்கடையை நோக்கி வழிவது டயர் தன்னைக் காத்துக்கொள்ளச் செலவழித்த பொருள் என்று தெரிந்தபின் அதை வெறும் அழுக்காக என்னால் பார்க்க முடிவதில்லை. செலவழிந்ததைக் கழுவுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. மேலே நின்ற மெழுகும் சேர்ந்து போகிறது. உள்ளே மிச்சம் இருக்கும்வரை அது மறுபடி ஊறிவரும். டயர் இதனால் கெட்டுவிடும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. எனக்கு உறைப்பது வேறு: ஒரு பொருள் தன்னைக் காத்துக்கொள்ளும்போது பார்வைக்கு அழகற்றதாக ஆகிறது. அந்த அழகின்மையை நாம் பராமரிப்பின்மை என்று படிக்கிறோம்.

பெயிண்டின் மேல் ஆண்டுக்கணக்கில் நிற்கிற பூச்சு டயரில் ஏன் நிற்பதில்லை என்று யோசிக்கும்போதுதான் இந்தத் தேடலின் கடினம் புரிகிறது. காரின் உடம்பு அசையாத தகடு. அதன் கிளியர் கோட் இறுகிப்போன பரப்பு. அதன்மேல் சிலிக்காப் பூச்சு கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் கலைப்பதற்கு அதிகம் எதுவும் இல்லை. டயர் அப்படிப்பட்ட பரப்பே அல்ல. 15 அங்குலச் சக்கரம் கொண்ட சாதாரணக் காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் போகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவரின் ஒவ்வொரு புள்ளியும் தரைக்கு நேராக வரும்போது பிதுங்கி, கடந்ததும் நிமிர்கிறது. 40,000 கிலோமீட்டர் ஓடிய டயர் இதை இரண்டு கோடி முறை செய்திருக்கும். சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் டயரில் கைவைக்க முடியாது. அடுத்த மணி நேரத்தில் கோடை மழை கொட்டினால் சட்டென்று குளிரும். பார்க்கிங்கில் நடைபாதைக் கல் உரசும். இத்தனைக்கும் நடுவே, கீழிருந்து ஊறி வரும் மெழுகு பூச்சை உள்ளிருந்தே தள்ளிக்கொண்டிருக்கும். இறுகும் பூச்சு இதில் வெடித்துவிடும். இறுகாத பூச்சோ ஓடிவிடும்: பழைய வகை டிரெஸ்ஸிங்குகளில் இருப்பது சிலிக்கான் எண்ணெய், அது எப்போதும் காய்வதில்லை, காயாததால்தான் அந்த ஈரப் பளபளப்பு. வண்டி வேகமெடுத்ததும் துளித்துளியாகத் தெறித்துப் பின்கதவில் கோடு போடும். பெட்ரோலிய சால்வெண்டில் கரைத்து விற்கப்படுவது பளபளப்பு கூடுதல், ஆனால் அந்த சால்வெண்ட் ரப்பரை உப்பவைக்கும் இனம். திரும்பத் திரும்பப் போடத் தகுந்ததல்ல. பால்போல் தண்ணீரில் கலந்து வருவது சாது, பளபளப்பு குறைவு, ஆயுளும் குறைவு. பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்காரர்கள் எந்த சிலிக்கானையும் உள்ளே விடுவதில்லை. காற்றில் கொஞ்சம் மிதந்து தகட்டில் உட்கார்ந்தாலும் புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகிக் குழி விழும். இறுகி வெடிப்பது, இறுகாமல் ஓடுவது என்ற இரண்டு துன்பத்துக்கும் நடுவில் நிற்கிறது நாம் தேடும் நீண்டகாலக் கோட்டிங்: தொட்டால் காய்ந்திருக்க வேண்டும், ஆனால் ரப்பரோடு சேர்ந்து இழுபட வேண்டும், பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் கீழிருந்து வருவதற்கு வழியும் விட வேண்டும். நெகிழும் ரெசின்களையும் பாலிமர்களையும் கொண்டு இதை ஓரளவு சாதித்திருக்கிறார்கள். டப்பாவில் எழுதிய மாதக்கணக்கு ஓடாத வண்டிக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு வேறொன்று, கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு இன்னொன்று என்பதை நேர்மையான கடைக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

பூச்சு நிற்பதைப் பற்றி யோசிக்கும் எனக்கு, டயர் தானே நிற்பதற்குக் கொடுத்த விலையைத் தாண்டிப் போக முடியவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தைச் சுற்றியுள்ள ஓடைகளுக்கு இலையுதிர்காலத்தில் கோஹோ சால்மன் மீன்கள் கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும். மழை சாலைகளைக் கழுவிக்கொண்டு ஓடையில் கலந்த சில மணி நேரத்தில் அவை தள்ளாடி, வாயைத் திறந்து திறந்து மூடி, வயிற்றில் முட்டையோடு செத்தன. பல ஆண்டுகள் காரணம் தெரியாமல் இருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களோடு சேர்ந்த ஆய்வாளர்களும் டயர்த் தூள் ஊறிய நீரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, 2020 டிசம்பரில் ஒரே ஒரு பொருளைச் சுட்டினார்கள்: ஓசோனிடம் அகப்பட்ட பிறகு 6பிபிடி எடுக்கிற வடிவங்களில் ஒன்றான 6பிபிடி-குயினோன். ஒரு லிட்டர் நீரில் 100 நானோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே அந்த மீன்களில் பாதி சாகும் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. சால்மன் மீன்களை நம்பி வாழும் யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்க்லால்லம், புயாலப் பழங்குடியினர் 6பிபிடிக்கு எதிராகக் கொடுத்த மனுவை 2023-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஏற்றுக்கொண்டது. ஒரு பொருள் நீடிப்பதற்குச் செய்த ஏற்பாடு எங்கோ இன்னோர் உயிரை நீடிக்கவிடாமல் செய்திருக்கிறது. மேலே நல்ல பூச்சுப் போட்டு ஓசோனையே தடுத்துவிட்டால் இந்தப் பொருளுக்குத் தேவை இருக்காதே என்று ஒரு கணம் ஆசை எழுந்தது. நிற்காத ஆசை. ஓடைக்குப் போவதில் பெரும்பகுதி தரையில் உரசித் தேயும் டிரெட் பாகத்தின் தூள். அங்கே எந்தப் பூச்சும் போடக்கூடாது, போட்டால் பிரேக் பிடிக்கும்போது வழுக்கும். பக்கச்சுவரில் போடும் கோட்டிங்கும் ஒருநாள் தேய்ந்து அதே மழைநீர்க் கால்வாயில்தான் இறங்குகிறது. அது அங்கே என்ன செய்யும் என்று டப்பாவின் எந்தப் பக்கத்திலும் எழுதியிருப்பதை நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் சென்னையில் வேளச்சேரிப் பக்கம் ஒரு கடையில் டயர் வேலையே பிரதானமாகச் செய்யும் இளைஞர் ஒருவரிடம் கேட்டேன்: "தம்பி, மாசக்கணக்குல நிக்கிற கோட்டிங் நல்லதா, வாரம் ஒருதடவை போடுற டிரெஸ்ஸிங் நல்லதா?" அவர் பிரஷை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "யாருக்கு சார்? வண்டிக்கா, உங்களுக்கா, எனக்கா?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். "எனக்குன்னா நிக்கிறதுதான் சார் நல்லது. ஒரு தடவை உக்காந்து ஒழுங்கா செஞ்சுட்டா வண்டி சீக்கிரம் திரும்பி வராது. வாரா வாரம் ஸ்பிரே அடிச்சா நெஞ்செல்லாம் அதான் நிக்கும். நாள் பூரா குந்திக்கிட்டே இருந்து முட்டி போயிடுது சார்." என் யோசனைகளில் அதுவரை இல்லாத ஆள் அவர். நீண்டகாலக் கோட்டிங்குக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய காரணங்களில் இதைவிட வலுவானது எனக்குத் தெரியாது. இன்னொன்று தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நகரம் இது. அந்த நாட்களில் டயரைத் தேய்த்துக் கழுவுவது என்ற பேச்சே வெட்கமாக இருந்திருக்கும். அடிக்கடி செய்யும் பராமரிப்பில் ஓர் அன்பு இருக்கிறது, நீடிப்பதில் சோம்பல் இருக்கிறது என்று எழுதுவது சுலபம். அந்த அன்பைக் குந்தியிருந்து செய்கிறவர் வேறொருவர், அதற்கான தண்ணீர் வேறொரு தெருவுக்குப் போயிருக்க வேண்டியது. ஆகவே நீடிப்பை மட்டமாகப் பேச எனக்கு உரிமை இல்லை. அடிக்கடி செய்வது தன்னளவில் உயர்ந்தது என்ற எண்ணத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.

விட்ட பிறகும் உறுத்தல் போகவில்லை. அதன் இடம் மட்டும் மாறியது. பழைய டயர் வாங்கி விற்கும் இடங்களில் அடுக்கிவைத்திருக்கும் டயர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனையும் கன்னங்கரேல் என்று, புதிதைவிடப் புதிதாக இருக்கும். பக்கச்சுவரில் ஓசோன் கீறிய முடியளவு வெடிப்புகளை சிலிக்கான் நிரப்பிவிடுகிறது. ஈரப் பளபளப்பில் கண் வழுக்கிப் போகிறது. விரலால் வளைத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். டயரின் வயதைச் சொல்ல அதன்மேலேயே எழுத்து இருக்கிறது: டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. டிரெட் எவ்வளவு மிச்சமிருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று டயர் கம்பெனிகள் பல சொல்கின்றன; நம் வெயிலில் அதற்கு வெகு முன்பே பார்க்கத் தொடங்க வேண்டும். குறைவாக ஓடும் வண்டியில் இது இன்னும் ஏமாற்றும். டிரெட் ஆழமாக இருக்கும், உடம்பு மூப்படைந்திருக்கும். ஓடாமல் நிற்கும் டயரில் வளைவு குறைவு, உள்ளிருக்கும் காவல் பொருள் மேலே வருவதும் குறைவு என்பதால் அதன் வெடிப்பு சீக்கிரம் வரும். வீட்டு வாசலில் உறைபோட்டு நிற்கிற, மாதத்துக்கு ஒருமுறை கோவிலுக்குப் போகிற, நல்ல கருப்பில் இருக்கிற வண்டியின் டயர் அது. விற்பவர் வாங்குபவரிடமிருந்து வயதை மறைப்பது ஏமாற்று என்று எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர் தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்வதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. மாதக்கணக்கில் நிற்கும் கருப்பு எனக்குத் தரும் நிம்மதியைச் சோதித்துப் பார்த்தால், அதற்குள் இருப்பது இதுதான்: குனிந்து பார்க்க வேண்டியதில்லை என்ற அனுமதி.

நீடிப்பதற்கு வேறு வழிகளும் டயர் உலகத்துக்குள்ளேயே இருக்கின்றன. திருவொற்றியூரில் 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப், டயருக்கு வருவதற்கு முன் 1952-இல் டிரெட் ரப்பருக்குத்தான் வந்தது. தேய்ந்த டயரின் தரைபடும் பாகத்தைச் சுரண்டிவிட்டுப் புதுச் சதை ஒட்டும் ரீட்ரெடிங் தொழிலின் சரக்கு அது. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு இன்றும் இது வாழ்க்கைக் கணக்கு; ஒரு டயரின் உடம்பு நன்றாக இருந்தால் அதன்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை டிரெட் ஏற்றுவார்கள். அந்தப் பட்டறையில் முதல் வேலை ஒட்டுவதல்ல, பார்ப்பது. டயரை விரித்து நிறுத்தி, விளக்கை உள்ளே விட்டு, கையால் தடவி, ஆணி ஏறிய இடம், ஒயர் துருப்பிடித்த இடம், பக்கச்சுவர் உப்பிய இடம் என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்த பிறகுதான் எடுப்பதா தள்ளுவதா என்ற முடிவு. தள்ளப்பட்ட டயரின் மேல் எவ்வளவு நல்ல டிரெட்டும் ஏறாது. இன்னும் பின்னால் போனால் குமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டம். அங்கே பால் வெட்டுகிறவர் விடியலுக்கு முன் மரத்துக்கு மரம் போய், முந்தைய வெட்டுக்குக் கீழே ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பட்டையைச் சீவி, சிரட்டையை நேராக்கிவிட்டு நகர்கிறார். ஆழம் கொஞ்சம் கூடினால் கத்தி மரத்தின் உயிர்ப்படலத்தில் இறங்கும், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. ஆழம் சரியாக இருந்தால் சீவிய பட்டை சில ஆண்டில் மறுபடி வளர்ந்து, மறுபடி வெட்டுக்கு வரும். இருபது முப்பது ஆண்டுகள் ஒரு மரம் பால் தருவது இந்த விரல் கணக்கால். நூறாண்டுக்கு முன் டயருக்கான உலகப் பசிக்காக நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ததும் இதையே. அவர்களைப் பிழிந்த அந்த ஏற்பாட்டில் போற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அவர்கள் கையிலிருந்த கவனத்தைப் போற்றாமல் இருக்கவும் முடியாது. மரமானாலும் லாரி டயரானாலும், நீண்டநாள் நிற்பவை எல்லாம் யாரோ திரும்பத் திரும்பப் பார்த்ததால் நின்றவை. மேலே ஒன்றைப் போட்டு மூடியதால் நின்ற எதையும் எனக்கு உடனே சொல்ல வரவில்லை.

இப்போது எனக்கு வேண்டிய கோட்டிங் எது என்று ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும். அது மினுமினுப்பு குறைந்ததாக, புது டயருக்கு இருக்கும் அடங்கிய கருப்பாக இருக்க வேண்டும், வெடிப்பை நிரப்பி மறைக்காமல் மெல்லிய படலமாக உட்கார வேண்டும், தெறிக்கக்கூடாது, போடுகிறவரின் மூச்சுக்கு எதுவும் ஆகக்கூடாது. நீருள்ள கலவையாக, ஒரு நல்ல தேய்ப்புக்குப் பின் மெல்லிசாக இரண்டு கை போட்டு ஒருநாள் காயவிட்டால் இவற்றில் பெரும்பாலானவை கிடைக்கின்றன. மூன்று மாதம் நின்றால் எனக்குப் போதும். ஆறு மாதம் நிற்பதை மறுக்கமாட்டேன், ஆனால் ஆறு மாதமும் பார்க்காமல் இருக்கமாட்டேன். பூச்சின் ஆயுளையும் பார்வையின் ஆயுளையும் ஒன்றாக்கிக்கொண்டதுதான் நம் பழக்கத்தில் நேர்ந்த பிசகு. வாராவாரம் பாலிஷ் போட்ட காலத்தில் ஒருவர் டயருக்கு முன் உட்கார்ந்தே ஆக வேண்டியிருந்தது. ஆணி கண்ணில் பட்டது, காற்று இறங்கியது கண்ணில் பட்டது, பக்கத்தில் உப்பியது கைக்குத் தட்டியது. பளபளப்புக்காகச் செய்த வேலைக்குள் பரிசோதனை ஒளிந்திருந்தது. வேலையை நீக்கினோம், அதில் தவறில்லை, அந்த இளைஞரின் முட்டிக்கு அது நல்லது. ஒளிந்திருந்ததையும் சேர்த்து நீக்கிவிட்டோம் என்பது யாருக்கும் தெரியாமல் நடந்தது. அதைத் தனியாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டாம், ரசாயனம் வேண்டாம், ஐந்து நிமிடமும் டார்ச் வெளிச்சமும் போதும்.

இதில் கடைகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். நுரை வெள்ளையாக வந்து, கழுவி, காற்றடித்துக் காயவைத்த அந்த வேளையில் டயர் எதையும் மறைக்காமல் நிற்கிறது. பழுப்பும் இல்லை, பூச்சும் இல்லை. ரப்பரின் சாம்பல் ஓடிய உண்மையான தோல், வெடிப்பு இருந்தால் வெடிப்போடு. வண்டியின் சொந்தக்காரர் அதைப் பார்ப்பதே இல்லை. அவர் ஏசி அறையில் காத்திருக்கிறார், அல்லது மாலையில்தான் வருகிறார். பார்ப்பவர் அதைத் தேய்த்துக் கழுவிய பையன் ஒருவர்தான். அவருடைய கண்ணுக்குத் தெரிந்தது மேலே கருப்பு ஏறியவுடன் எல்லோருக்குமாக மறைந்துபோகிறது. அந்த வேளையில் கோட்டிங் பாட்டிலைத் திறப்பதற்கு முன் அவர் நான்கு எண்ணைப் படித்து, டிரெட் ஆழத்தை அளந்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். மூத்து வெடித்த டயருக்குக் கோட்டிங் போட மாட்டோம் என்று சொல்லும் தைரியத்தைக் கடை அவருக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பார்வைக்கென்று கூலியும் கொடுக்க வேண்டும். எத்தனை மாசம் நிக்கும் என்று நாம் கேட்பதற்குப் பதிலாக பில்லில் ஒரு வரி வந்தால் போதும்: இந்த டயர் எந்த வாரம் பிறந்தது, இன்னும் எத்தனை நாள் நம்பலாம். அப்படி எழுதித்தரும் கடையில் போட்ட கருப்பு இரண்டு மாதத்தில் போனாலும் நான் திரும்ப அங்கேதான் போவேன்.